ஒளி எதிரொலி: திருகோணமலையில் வானம் பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணலில் தொலைகாட்டியை நிறுத்தி வானம் காட்டும் இரவுகளில், முகில் வந்து மறைக்கும்போது மடிக்கணினியில் படங்கள் காட்டுவோம். அவற்றுள் அதிகக் கேள்விகளைக் கிளப்புவது வி838 மொனொசெரோட்டிஸ் என்ற விண்மீனின் படவரிசை. ஹபிள் தொலைகாட்டி 2002 மே மாதத்திலிருந்து எடுத்தது. நடுவில் சிவந்த விண்மீன் ஒன்று, அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தூசு, அந்தத் தூசு வட்டம் படத்துக்குப் படம் பெருத்துக்கொண்டே போகும். பாடசாலைப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவந்த பெற்றோரும் கடற்கரைக்குக் காற்று வாங்க வந்து எட்டிப் பார்த்தவர்களும் கேட்ட கேள்விகளைப் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

அந்தப் படத்தில் வெடித்துப் பெருப்பது என்ன?

எதுவும் வெடித்துப் பெருக்கவில்லை. மற்றப் பதில்களை வாசிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசு விண்மீன் பொங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே இருந்தது. இருட்டில் இருந்ததால் நமக்குத் தெரியவில்லை. 2002 ஜனவரியில் விண்மீன் திடீரெனப் பிரகாசித்தது. அந்த ஒளி வெளியே பரவப் பரவ, முதலில் அருகிலிருந்த தூசு ஒளிர்ந்தது, அப்புறம் அதற்கு அடுத்தது, அப்புறம் இன்னும் தூரத்தில் இருந்தது. படத்துக்குப் படம் நகர்வது ஒளி. தூசு அந்த மாதங்களில் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

சரி, இதை ஏன் எதிரொலி என்கிறார்கள்?

ஒரே சம்பவத்தின் ஒளி இரண்டு வழியாக நம்மிடம் வருகிறது. ஒன்று நேர்வழி. மற்றது, பக்கத்தில் இருக்கும் தூசில் பட்டுச் சிதறி நம் பக்கம் திரும்பும் சுற்றுவழி. சுற்றுவழி நீளமானது, ஆகவே அந்த ஒளி பிந்தி வரும்.

மூதூரையும் திருகோணமலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். மூதூரில் காலையில் ஒரு சம்பவம். அதைப் பார்த்த ஒருவர் லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக்குடாவை நேரே கடந்து வந்து சொல்கிறார். இன்னொருவர் கிண்ணியாப் பக்கமாகத் தரைவழியே சுற்றி வருகிறார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலமென்றால் இடையில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறி இறங்கியும் வரவேண்டும். இருவரும் கொண்டுவருவது ஒரே செய்திதான். பிந்தி வந்தவரின் செய்தி பழையதாகிவிட்டது என்பதற்காகப் பொய்யாகிவிடாது. ஒளி எதிரொலியிலும் இதுதான் நடக்கிறது: மூதூர் விண்மீன், திருகோணமலை பூமி, இடையில் வளைந்து திரும்பும் இடம் தூசு.

ஆனால் விண்மீனைச் சுற்றி ஒரு வழி மட்டும் இல்லை. எண்ணற்ற தூசுத் துணிக்கைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு சுற்றுவழி. அதனால்தான் செய்தி ஒருமுறை வந்து முடிந்துவிடாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், சில விண்மீன்களுக்கு நூற்றாண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கிறது.

ஏன் வட்டமாகத் தெரிகிறது?

சுற்றுவழியின் மொத்த நீளம் சமமாக இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்தால், விண்மீனையும் பூமியையும் இரு குவியங்களாகக் கொண்ட நீள்வளைய வடிவம் கிடைக்கும். பூமி மிகத் தொலைவில் இருப்பதால், விண்மீனுக்கு அருகில் அந்த வடிவம் நம்மை நோக்கி வாய்திறந்த பரவளைவுக் கிண்ணமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட நாளில் அந்தக் கிண்ணத்தின் மேல் இருக்கும் தூசு மட்டுமே நமக்கு ஒளிரும். நாள் போகப் போகக் கிண்ணம் அகலும். அதை நம் திசையிலிருந்து பார்க்கும்போது வட்டமாகத் தெரியும். இந்த வடிவியலை 1939இல் பிரெஞ்சு வானியலாளர் போல் குடெர்க் ஒழுங்காக எழுதிவைத்தார்.

இதில் ஒரு நன்மை இருக்கிறது. கிண்ணம் அகலும்போது தூசுமுகிலின் வேறுவேறு வெட்டுமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்கின்றன. எல்லாப் படங்களையும் அடுக்கிவைத்தால் முகிலின் முப்பரிமாண வடிவமே கிடைத்துவிடும். வேறு எந்த முறையிலும் இவ்வளவு நேரடியாக அதை வாங்க முடியாது.

வட்டம் ஒளியைவிட வேகமாகப் பெருத்ததாக வாசித்தேன். அது எப்படி?

பெருத்தது உண்மைதான். 2002 மே 20க்கும் டிசம்பர் 17க்கும் இடையில் வி838இன் ஒளிவட்டத்தின் விட்டம் சுமார் 4 ஒளியாண்டிலிருந்து 7 ஒளியாண்டுக்குப் போனது. ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை ஒளியாண்டு, அதுவும் ஏழு மாதத்தில். ஒளியே ஏழு மாதத்தில் 0.6 ஒளியாண்டுகூடப் போகாது. ஆனாலும் எந்தப் பொருளும் எந்த ஒளிக்கதிரும் வேகவரம்பை மீறவில்லை. சாதாரண தரத்தில் படித்த பைதகரஸ் தேற்றம் இதை விளக்கப் போதும். மணலில் கீறிக் காட்டுவதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

விண்மீனிலிருந்து நம் பக்கமாக 10 ஒளியாண்டு முன்னால், பார்வைக்குக் குறுக்கே ஒரு தட்டையான தூசுப் படலம் இருக்கிறது என்று வையுங்கள். நேராக வரும் ஒளி அந்தப் படலத்தை அடைய 10 ஆண்டு. இனி, நேர்க்கோட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளியுள்ள ஒரு புள்ளியை எடுங்கள். விண்மீனிலிருந்து அதற்குச் சாய்வாகப் போகும் தூரம் 11 ஒளியாண்டு என்றால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி நேர் ஒளியைவிட 1 ஆண்டு பிந்தி நமக்கு வரும். அந்தப் புள்ளி பக்கவாட்டில் எவ்வளவு தூரம்? 11இன் வர்க்கம் 121, 10இன் வர்க்கம் 100, வித்தியாசம் 21, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.6. அதாவது பொங்குதலைப் பார்த்து ஓராண்டில் வட்டத்தின் ஆரை 4.6 ஒளியாண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் 12இன் வர்க்கத்திலிருந்து 100ஐக் கழித்தால் 44, வர்க்கமூலம் 6.6.

முதல் ஆண்டில் 4.6, அடுத்த ஆண்டில் மேலும் 2. முதலில் பாய்ந்து பெருத்து, பிறகு வேகம் குறைகிறது. தூசு விண்மீனுக்கு முன்னால், நம் பக்கமாக இருப்பதால் வழிநீளத்தில் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசத்துக்குள் பக்கவாட்டில் பெரிய தூரம் அடங்கிவிடுகிறது. ஒளிரும் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தூசு. ஒரு புள்ளியிலிருந்து மற்றதுக்கு எதுவும் ஓடவில்லை.

இதை முதன்முதலில் கண்டது யார்?

1901 பெப்ரவரியில் பெர்சியஸ் கூட்டத்தில் ஒரு நோவா, அதாவது வெடித்துத் திடீரெனப் பிரகாசிக்கும் விண்மீன், தோன்றியது. ஸ்கொட்லாந்தில் தோமஸ் அண்டர்சன் என்ற ஆர்வலர் அதைக் கண்டார். சில நாட்களில் அது வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீன்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டின் பிற்பாதியில் எடுத்த படங்களில் நோவாவைச் சுற்றி ஒரு நெபுலா, அதாவது முகில்போன்ற படலம், தெரிந்தது. அமெரிக்காவில் யேர்க்ஸ் வானாய்வகத்தில் ரிச்சியும் லிக் வானாய்வகத்தில் பெரைனும் அதைத் தொடர்ந்து படமெடுத்தபோது நெபுலா பெருத்துக்கொண்டே போனது. தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் நம்பமுடியாத வேகம் வந்தது. நெதர்லாந்தின் கப்டெய்ன், நகர்வது பொருள் இல்லை, முன்பே இருந்த தூசின் மேல் பரவும் ஒளிதான் என்று அப்போதே விளக்கம் சொல்லிவிட்டார். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரை வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1905இல். வேகவரம்பு என்ற எண்ணமே நிலைபெறாத காலத்தில் சரியான பக்கம் நின்றவர் என்பதால் கப்டெய்ன் மேல் எனக்குத் தனி மதிப்பு.

அப்படியானால் நெபுலாப் படங்கள் எல்லாமே இப்படித்தானா?

இல்லை. உண்மையாகவே வாயு வீசப்பட்டுப் பெருக்கும் நெபுலாக்களும் உண்டு. இரண்டையும் ஒரே விண்மீனில் பார்க்கலாம், அதுவும் மேலே சொன்ன 1901 நோவாவில்தான். அதன் ஒளி எதிரொலி சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. ஆனால் 1916இல் பார்னார்ட் அதே விண்மீனைச் சுற்றி வேறொரு சிறு நெபுலாவைக் கண்டார். அது நோவா வெடித்தபோது வீசிய வாயு. செக்கனுக்குச் சுமார் 1,000 கிலோமீற்றர் வரையான வேகத்தில் இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. கேட்கப் பெரிய வேகம்தான், ஆனால் ஒளி செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஒரு படவரிசையைப் பார்த்ததும் எது எது என்று சொல்ல இந்த முந்நூறு மடங்கு வித்தியாசம் போதும்: சில வாரங்களிலேயே உருவம் மாறினால் ஒளி, பல ஆண்டுகள் பொறுத்திருந்து அளந்தால்தான் மாற்றம் தெரியுமென்றால் பொருள்.

வி838 விண்மீனுக்கு என்னதான் நடந்தது?

2002 ஜனவரி 6இல் அவுஸ்திரேலிய ஆர்வலர் நிக்கலஸ் பிரவுன் கண்டுபிடித்தார். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என மூன்று முறை பிரகாசம் உச்சத்துக்கு ஏறி இறங்கியது. உச்சத்தில் சூரியனைப்போல் 6 இலட்சம் மடங்கு ஒளி. சாதாரண நோவா என்றால் வெடித்தபின் சூடான நீல விண்மீன் மிஞ்சும். இது எதிர்மாறாகக் குளிர்ந்து சிவந்து ஊதியது. இரண்டு விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்ததே காரணம் என்பது இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம்.

அந்த விளக்கத்துக்கு வலுச் சேர்த்தது இன்னொரு விண்மீன். 2008இல் விருச்சிகக் கூட்டத்தில் வி1309 என்ற விண்மீன் இதேபோல் பொங்கியது. பழைய பதிவுகளைப் புரட்டியபோது, அது நெருங்கிச் சுற்றும் ஒரு இரட்டையாக இருந்ததும், சுற்றும் காலம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து இறுதியில் இரண்டும் ஒன்றானதும் தெரியவந்தது.

வெடிக்காத விண்மீனுக்கும் ஒளி எதிரொலி வருமா?

வரும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். ஆர்எஸ் பப்பிஸ் என்பது சிஃபீட் வகை மாறு விண்மீன். ஏறக்குறைய 41 நாளுக்கு ஒருமுறை ஊதிச் சுருங்கி, அதோடு சேர்ந்து கூடிக் குறைந்து ஒளிரும். சூரியனைப்போல் 10 மடங்கு திணிவு, 200 மடங்கு பருமன். இதைச் சுற்றி ஒரு நெபுலா இருப்பதை 1961இல் வெஸ்டர்லுண்ட் கண்டார். விண்மீன் ஒருமுறை பிரகாசிக்கும்போது புறப்பட்ட ஒளி அந்தத் தூசினூடே வெளியே போய்க்கொண்டிருக்க, 41 நாளில் அடுத்தது புறப்படும். ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வெளிநோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஹபிள் 2010இல் ஐந்து வாரம் தொடர்ந்து எடுத்த படங்களை ஓடவிட்டால் இது கண்முன் நடக்கும்.

நெபுலாவின் ஒரு தூசுக் கட்டியை மட்டும் கவனித்தால், அதுவும் 41 நாள் ஒழுங்கில்தான் கூடிக் குறையும். ஆனால் விண்மீனோடு சேர்ந்து அல்ல, பிந்தி. எவ்வளவு பிந்துகிறது என்று அளந்தால் அந்தக் கட்டி விண்மீனிலிருந்து எவ்வளவு தூரம் என்பது கிலோமீற்றரில் வந்துவிடும். வானத்தில் அது எத்தனை கோணம் தள்ளித் தெரிகிறது என்பதைப் படத்திலேயே அளக்கலாம். இரண்டையும் சேர்த்தால் விண்மீனின் தூரம் கிடைக்கும். 6,000 ஒளியாண்டுக்குச் சற்று அதிகம்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது, செய்வது எளிதாக இருக்கவில்லை. பிந்தியது ஒரு சுற்றா, மூன்று சுற்றா, ஐந்து சுற்றா என்று வெறும் ஏற்ற இறக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. கட்டி விண்மீனுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் தெரியவேண்டும். வானியலாளர்கள் இதைப் பற்றிச் சில ஆண்டுகள் விவாதித்தார்கள். ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளியலைகள் எவ்வளவு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை, அளந்தபின்தான் தெளிவு பிறந்தது.

இந்தத் தூரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், பிரபஞ்சத்தின் தூரங்களை அளக்கும் வேலை சிஃபீட் விண்மீன்களின் மேல்தான் நிற்கிறது. துடிப்புக் காலம் நீண்டால் பிரகாசம் அதிகம் என்று ஹென்ரியேட்டா லீவிட் 1912இல் வெளியிட்ட உறவை வைத்துத்தான் அன்ட்ரொமீடா விண்மீன்திரள் நம் பால்வீதிக்கு வெளியே இருப்பதை எட்வின் ஹபிள் நிறுவினார். ஒரு சிஃபீடின் தூரத்தைத் தனியான வேறொரு வழியில் சரிபார்க்க முடிந்தால் அந்த அளவுகோல் முழுவதும் உறுதிப்படும்.

முனைவாக்கம் என்றீர்களே, அதை இங்கிருந்து பார்க்க முடியுமா?

முடியும். காலையில் சூரியன் கடலுக்கு மேலே கிளம்பும் நேரம் போலரொய்ட் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நிலாவெளிக் கடற்கரையில் நில்லுங்கள். சூரியனைப் பார்க்க வேண்டாம். நேரே தலைக்கு மேலே உள்ள நீல வானத்தைக் கண்ணாடியினூடே பாருங்கள், பிறகு கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு நிலையில் வானம் நன்றாக இருளும், இன்னொரு நிலையில் வெளிக்கும். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி உள்ள வானத்தில்தான் இது மிகத் தெளிவாகத் தெரியும். செங்கோணத்தில் சிதறும் ஒளி அதிகமாக முனைவாக்கம் அடைகிறது என்பதே காரணம்.

விண்மீன் தூசிலும் இதே விதி. செங்கோணத்தில் ஒளியைத் திருப்பும் தூசு, முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் விண்மீனுக்குச் சரியாகப் பக்கத்தில் இருக்கவேண்டும். அங்கே சுற்றுவழியின் மேலதிக நீளம் பக்கவாட்டுத் தூரத்துக்குச் சமம். பொங்கி ஓராண்டு ஆகியிருந்தால், அதிக முனைவாக்கம் உள்ள வளையத்தின் ஆரை சரியாக ஓர் ஒளியாண்டு. வானத்தில் அந்த வளையம் காட்டும் கோணத்தை அளந்துவிட்டால் தூரம் வந்துவிடும். வி838 சுமார் 20,000 ஒளியாண்டு தொலைவில் இருப்பது இப்படித்தான் உறுதியானது. ஆரம்பத்தில் அதைப் பல மடங்கு கிட்டவாக மதிப்பிட்டிருந்தார்கள்.

சரி, அழகான படம், தூரமும் அளக்கலாம். வேறென்ன பயன்?

நடந்து முடிந்த ஒன்றை மறுபடி பார்க்கலாம். அந்தக் காலத்தில் இல்லாத கருவிகளால், இன்று.

1572 நவம்பரில் கசியோப்பியாக் கூட்டத்தில் புதிய விண்மீன் ஒன்று தோன்றியது. டென்மார்க்கின் டைக்கோ பிராகே கவனமாக அளந்து எழுதிவைத்தார். அவரிடம் தொலைகாட்டி இல்லை, அது வரவே இன்னும் மூன்று தசாப்தத்துக்கு மேல் இருந்தது. ஒளியை நிறமாலையாகப் பிரித்து என்ன வகை வெடிப்பு என்று சொல்லும் வழியும் இல்லை. அது ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீனின் பெருவெடிப்பு. 2008இல் அதன் ஒளி எதிரொலி வேறிடத்துத் தூசில் பட்டு வந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஹவாயில் உள்ள சுபாரு தொலைகாட்டியை அதன் பக்கம் திருப்பி நிறமாலை எடுத்தார்கள். டைக்கோவின் கண்ணில் பட்ட அதே வெடிப்பின் ஒளி, 436 ஆண்டு பிந்தி. வகை ஒன்று-ஏ சூப்பர்நோவா, அதாவது வெண்குறளி (எரிந்து முடிந்த விண்மீனின் சிறிய, அடர்ந்த மிச்சம்) ஒன்று முற்றாக வெடித்தது என்று அந்த நிறமாலை சொல்லிவிட்டது.

அதே ஆண்டு கசியோப்பியா-ஏ என்ற இன்னொரு சூப்பர்நோவாவின் மிச்சத்துக்கும் இதைச் செய்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதன் ஒளி பூமிக்கு வந்திருக்கவேண்டும், ஆனால் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. மனிதர் தவறவிட்டதைத் தூசு திருப்பி அனுப்பியது. ஹைட்ரஜன் உறையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு செம்பெருவிண்மீன் வெடித்தது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வேறு திசைகளில் இருக்கும் தூசிலிருந்து வந்த எதிரொலிகளையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு தூசும் வெடிப்பை ஒவ்வொரு பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை, வெடிப்பு ஒரு பக்கமாகச் சரிந்து நடந்தது.

ஈட்டா கரினே என்ற விண்மீனின் கதையையும் சொல்லுங்கள். அது நம் வானத்தில் தெரியுமா?

தெரியும். 1837 டிசம்பரில் நன்னம்பிக்கை முனையில் இருந்த ஜோன் ஹெர்ஷல், இந்த விண்மீன் திடீரெனப் பிரகாசிப்பதைக் கண்டார். 1843இல் அது அகத்திய விண்மீனையும் மிஞ்சி, இரவு வானத்தின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. அப்புறம் மங்கி, 1850களின் இறுதியில் வெறுங்கண்ணுக்கு எட்டாமல் போகத் தொடங்கியது. அந்தப் பொங்குதலில் சூரியனைப்போல் பத்து மடங்குக்கு மேல் திணிவை வீசியெறிந்தும் விண்மீன் அழியவில்லை. நிறமாலையை வைத்து விண்மீன்களை ஆராயும் வழி பிறந்தது 1859 அளவில். ஒருசில ஆண்டுகளில் தவறிப்போன சந்தர்ப்பம்.

2012இல் அது திரும்பக் கிடைத்தது. சிலியில் உள்ள 4 மீற்றர் தொலைகாட்டி 2003 முதல் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, ஈட்டா கரினேயிலிருந்து தள்ளி இருக்கும் தூசில் ஒளி நகர்வது தெரிந்தது. நிறமாலை எடுத்தார்கள். எதிர்பார்த்தது 7,000 கெல்வின் அளவான வெப்பநிலை, கிடைத்தது ஏறக்குறைய 5,000 கெல்வின். விண்மீன் காற்று (விண்மீனிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும் வாயு) வேகமாக வீசியதே அந்தப் பொங்குதல் என்ற பழைய விளக்கம் ஆட்டம் கண்டது. 2018இல் அதே எதிரொலிகளில் செக்கனுக்கு 10,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் போன வாயுவின் தடயமும் கிடைத்தது. அது உண்மையான வெடிப்புகளில் காணும் வேகம். மூன்று விண்மீன்கள் சேர்ந்திருந்த ஒரு தொகுதியில் இரண்டு இணைந்ததால் இது நடந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். வேறு தூசுகளிலிருந்து 1840களின் வேறு ஆண்டுகளின் ஒளி இனியும் வரும், ஆகவே விசாரணை தொடர்கிறது.

தேடாமல் கிடைத்த எதிரொலி உண்டா?

உண்டு. பால்வீதிக்கு அருகில் இருக்கும் சிறு விண்மீன்திரளான பெரிய மகெல்லன் முகிலில், ஒளிவிடாத இருள்பொருளைத் தேடிய ஒரு குழு, அடுத்தடுத்த ஆண்டுப் படங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கழித்துப் பார்த்தபோது மெல்லிய வளைவுகள் நகர்வதைக் கண்டது. பின்னோக்கிக் கோடு போட்டால் அவை மூன்று பழைய சூப்பர்நோவா மிச்சங்களில் போய் முடிந்தன. 2005இல் வெளியான முடிவு. டைக்கோ, கசியோப்பியா, ஈட்டா கரினே எல்லாவற்றின் எதிரொலியையும் தேடிப் போகும் துணிவு அதற்குப் பின்புதான் வந்தது. அதே முகிலில் 1987 பெப்ரவரியில் வெடித்த சூப்பர்நோவா 1987ஏயைச் சுற்றி அடுத்த ஆண்டே இரண்டு வளையங்கள் தெரிந்தன. வெடிப்புக்கு முன்னால் இருக்கும் இரண்டு தனித்தனித் தூசுப் படலங்கள் அவை.

பூமியில் பழைய காலத்தில் நடந்தவையும் இப்படித் திரும்பி வருமா? இராவணன் காலத்துக் காட்சி எங்காவது தூசில் பட்டு வருமா?

சுவாமிமலைக்குக் கீழே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி, ஏனென்றால் ஒளி எதிரொலியால் என்ன முடியாது என்பதை இது வெளிக்கொண்டு வருகிறது. தூசு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது, உருவத்தைப் பாதுகாப்பதில்லை. திரும்பி வருவது அந்த நேரத்தின் மொத்தப் பிரகாசமும் நிறமும் மட்டும். டைக்கோவின் சூப்பர்நோவாவுக்கும் நமக்குக் கிடைத்தது நிறமாலைதான், படம் இல்லை. அதோடு, ஒரு விண்மீன் கோடிக்கணக்கான சூரியன்களுக்கு இணையாக ஒளிர்ந்தும் அதன் எதிரொலியைப் பிடிக்கப் பெரிய தொலைகாட்டி வேண்டியிருக்கிறது. பூமி சூரிய ஒளியைத் தெறிக்கும் ஒரு சிறு கோளம்.

திருகோணமலையிலிருந்து ஒளி எதிரொலியை நேரில் பார்க்கலாமா?

எதிரொலியைப் பார்க்க முடியாது, மிக மங்கல். எதிரொலி எழுப்பும் விண்மீன்களைப் பார்க்கலாம், அதில் நமக்கு வடக்கு நாடுகளில் இருப்பவர்களுக்கு இல்லாத வசதி உண்டு. நாம் 8.6 பாகை வட அகலாங்கில் இருப்பதால் தென்வானம் பெரும்பாலும் நமக்குத் திறந்திருக்கிறது. கையை நீட்டி முட்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை, அதை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஈட்டா கரினேக்குச் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்கள் நல்லவை. இரவு 9 மணி அளவில் நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து இரண்டு முட்டிக்குச் சற்று மேலே இருக்கும். இடப்பக்கம் தென்சிலுவை சரிந்து ஏறிக்கொண்டிருக்கும். வெறுங்கண்ணுக்கு மங்கலான புள்ளி. பைனாகுலரில் பார்த்தால் புகைபடிந்த பெரிய நெபுலாவுக்குள் அது நிற்கும். சிறு தொலைகாட்டியில் சுற்றியிருக்கும் விண்மீன்களைப்போல் கூர்மையாக இல்லாமல், செம்மஞ்சளாகக் கொஞ்சம் பொதுக்கென்று இருக்கும். அந்தப் பொதுக்கல்தான் 1840களில் வீசியெறிந்த வாயு.

ஆர்எஸ் பப்பிஸ் மாசிக் கடைசியில் இரவு 9 மணிக்குத் தெற்கே நான்கரை முட்டி உயரத்தில் இருக்கும். பைனாகுலரும் விண்மீன் வரைபடமும் வேண்டும். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு வாரம் இருமுறை அதன் பிரகாசத்தைக் குறித்து வந்தால், 41 நாள் ஏற்ற இறக்கம் உங்கள் கொப்பியிலேயே வளைகோடாக வந்துவிடும். பெரிய மகெல்லன் முகில் 12 பாகைக்கு மேல் எழாது, ஜனவரி, பெப்ரவரியில் முன்னிரவு. நவம்பர் முதல் வாடைமழை வானத்தை மூடிவிடுவதால் பெப்ரவரி வரை காத்திருப்பதே நல்லது.

உப்புவெளியில் நின்று தெற்கே பார்த்தால் நகரத்து வெளிச்சம் அடிவானத்தைக் கெடுக்கும். மூதூரைத் தாண்டி ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் போனால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொலைகாட்டி ஆடும், பைனாகுலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன் கமராவில் எடுக்கலாமா?

எதிரொலியை எடுக்க முடியாது. ஈட்டா கரினே இருக்கும் நெபுலாவை முக்காலியில் வைத்து நீண்ட நேரம் திறந்து எடுத்தால் செம்மையாக விழும்.

இனிமேல் புதிதாக என்ன வரும்?

சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீற்றர் கண்ணாடி, 3,200 மெகாபிக்சல் கமரா. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் படமெடுக்கும். படங்களைக் கழித்துப் பார்ப்பதுதான் எதிரொலி தேடும் முறை என்பதால், இதற்கென்றே செய்ததுபோல் ஒரு கருவி. யாரும் எழுதிவைக்காத பழைய வெடிப்புகள் பல அதில் வெளிவரும் என்று எதிர்பார்க்கிறேன்.

பாடசாலைச் செயற்றிட்டமாக இதில் என்ன செய்யலாம்?

வி838இன் ஹபிள் படங்கள் இணையத்தில் இலவசம். ஒரே அளவில் அச்சிட்டு, வட்டத்தின் விட்டத்தை அடிமட்டத்தால் அளந்து, நாளுக்கு எதிராக வரைபு கீறுங்கள். அதற்கு முன் ஒரு கணக்கு: தூசுப் படலம் விண்மீனுக்கு 12 ஒளியாண்டு முன்னால் இருந்தால் ஓராண்டில் வட்டத்தின் ஆரை என்ன? 13இன் வர்க்கத்திலிருந்து 12இன் வர்க்கத்தைக் கழித்தால் 25, ஆகவே சரியாக 5 ஒளியாண்டு. அதே படலத்தை விண்மீனுக்கு 12 ஒளியாண்டு பின்னால் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒளி பின்னால் போய்த் திரும்பவேண்டும் என்பதால் 24 ஆண்டு முடியும்வரை அங்கே எதுவும் தெரியாது.